பிள்ளை இல்லாதவருக்கு ஒரு கட்டில்

ஆறாவது கேள்வியில் கோதண்டராமனின் பேனா நின்றது.

பெயர், வயது, ஊர், நோய், உணவு வரை எழுதியாகிவிட்டது. ஆறாவது: பிள்ளைகள் உண்டா?

மேசைக்கு அந்தப் பக்கம் அருணகிரி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையைத் தாண்டி, இந்த முதியோர் இல்லத்தை நடத்துகிறார். ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, இருபது கட்டில்கள். பத்தொன்பதில் ஆள் இருந்தது.

"இது எதுக்கு சார்?" என்றான் கோதண்டராமன்.

"பிள்ளை இருந்தா சேத்துக்க மாட்டோம். பிள்ளை பெத்தவங்களையெல்லாம் சேத்தா மலையச் சுத்திக் கட்டில் போட்டாலும் பத்தாது. நீங்க பெரியவருக்கு என்ன வேணும்?"

கோதண்டராமன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். அது உதவவில்லை.

"பக்கத்து வீடு" என்றான்.

"நல்ல மனுஷன். பெத்த பிள்ளைகூட இப்படி அலைய மாட்டான்."

அவன் ஆறாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினான். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது.

"எழுதினா மட்டும் ஆகாது" என்றார் அருணகிரி. "தாலுக்கா ஆபீஸ்ல ஆதரவற்றவர்னு சான்று வாங்கியாங்க. மகாளய அமாவாசை வரைக்கும் கட்டில வெச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது. போளூர்க்காரர் ஒருத்தர் கேட்டுக்கினே இருக்காரு."

தாலுக்கா ஆபீஸில் அந்தச் சான்றுகளுக்குக் குறிப்பு எழுதி மேலே அனுப்பும் குமாஸ்தா கோதண்டராமன்தான். இனி எல்லாம் சுலபம் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

அது 1984, ஆவணி மாதம்.

அவன் அப்பா ஆதிமூலத்துக்கு எழுபத்து நாலு வயது. பங்குனியில் ஆரம்பித்தது. முதலில் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு மறந்தார். ஜன்னல் திரை எரிந்தது. பிறகு, பதினோரு வருஷமாக வரும் பால்காரரிடம் உங்க பேர் என்ன என்று கேட்டார். சித்திரையில் எங்கே போகிறது என்று தெரியாமல் செங்கம் பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் எதிர் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்.

மனைவி சந்திரம்மாள் நகராட்சிப் பள்ளியில் டீச்சர். கணவனும் மனைவியும் ஒன்பது மணிக்கு வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். ஒருநாள் சாயங்காலம் பூட்டைத் திறந்தபோது வீடு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஆதிமூலம் நடுவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வெளியில மழையா?" என்று கேட்டார்.

அன்று தரையைத் துடைத்தபடி சந்திரம்மாள் சொன்னாள்: "இன்னிக்குத் தண்ணி. நாளைக்கு நெருப்பு. பூட்டுன வீட்டுல நெருப்பு புடிச்சா அது விபத்து இல்லைங்க. நாம கொன்னதா அர்த்தம்."

கோதண்டராமன் அதற்குப் பிறகு ஆபீஸில் தீயணைப்பு வண்டியின் மணி கேட்டால் எழுந்து வாசலுக்குப் போனான்.

அப்பாவிடம் சொல்வதற்கு ஒரு வாரம் தயார் செய்தான். அழுதால் என்ன சொல்வது, திட்டினால் என்ன சொல்வது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

"சோறு போடறாங்களா?" என்று கேட்டார் ஆதிமூலம்.

"போடறாங்க."

"எத்தினி வேளை?"

"மூணு."

"சரி."

ஒரு வாரத் தயாரிப்பும் வீணானது.

அப்பாதுரை, அப்பாவின் கிராமத்துக்குக் கிராம அதிகாரி. பரம்பரைக் கணக்குப்பிள்ளைகளான கர்ணங்கள் போன பிறகு பரீட்சை எழுதி வந்தவன். இருபத்தாறு வயது. விதிகள் எல்லாம் மனப்பாடம். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்தபோது கோதண்டராமன் அவனை டீக்கடைக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னான்.

"எழுதிடறேன் சார். நீங்க சொல்லி எழுதாம இருப்பனா? ஆனா ஊர் ரேஷன் கார்டுல உங்க பேரு இருக்குதே. மகன், ஒண்ணு."

அது பழைய தப்பு. கல்யாணமாகி டவுனில் தனிக் கார்டு வாங்கியபோது ஊர்க் கார்டில் பெயரை எடுத்திருக்க வேண்டும். சர்க்கரைக்காக விட்டுவைத்திருந்தான்.

"அடிச்சுடு" என்றான்.

"ஏன் அடிச்சேன்னு கேப்பாங்க சார். பொறந்தவன இல்லன்னு எழுத வழியே கெடையாது. செத்துட்டான்னு எழுத வழி இருக்குது."

கோதண்டராமன் டீயைக் கீழே வைத்தான். அப்பாதுரை சொன்னது சரி. அவனே அப்படி எத்தனையோ கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

"சரி, எழுது."

"தேதி?"

"எதாவது போடு."

"எதாவதுன்னா மாட்டிக்குவீங்க. ஆபீஸ் நாள்ல சாவக் கூடாது. வருகைப் பதிவேட்டுல உங்க கையெழுத்து இருக்கும்."

டீக்கடைக்காரரிடம் பழைய காலண்டர் இருந்தது. 1981, ஜூன் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. அன்று என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாவதற்குத் தோதான நாளாகத் தெரிந்தது.

"காரணம்?"

"காய்ச்சல்."

"வெறும் காய்ச்சல்ல சாவ மாட்டாங்க சார்."

"மஞ்சக் காமாலை."

"அதான் சரி." அப்பாதுரை எழுதிக்கொண்டான். பிறகு கார்டு நகலைப் புரட்டிப் பார்த்து நாக்கால் சத்தம் செய்தான். "இதுல நீங்க கல்யாணம் ஆகாதவரு. பாவம் சார்."

விசாரணைக்கு ஊரில் இரண்டு சாட்சிகள் வேண்டும். அடுத்த ஞாயிறு கோதண்டராமன் அப்பாவை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனான். பழைய வீட்டுக்கு அண்டை வீட்டுக்காரி பாஞ்சாலை ஒரு சாட்சி. எதிர்வீட்டுக் கண்ணாயிரம் மற்றொருவர்.

அப்பாதுரை காகிதத்தைப் படித்துக் காட்டினான். பாஞ்சாலை முதலில் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு கோதண்டராமனைப் பார்த்தாள்.

"குத்துக்கல்லாட்டம் எதுர்ல நிக்கறான். செத்துட்டான்றியே?"

"ஒரு காகிதத்துக்குத்தாம்மா."

"ஏண்டா கோதண்டம், உனக்கு அசிங்கமா இல்ல?"

ஆதிமூலம்தான் பேசினார். "வெச்சுடு பாஞ்சாலை. அவன் சங்கடத்துல இருக்கான்."

பாஞ்சாலை கட்டை விரலை மையில் தோய்த்தாள். பிறகு கையை நிறுத்திக்கொண்டாள்.

"சாவுக்குக் கைநாட்டு வெக்கணும்னா அழுதுட்டுத்தான் வெப்பேன். சும்மா வெச்சா என் வூட்டுக்கு ஆகாது."

"சீக்கிரம் அழும்மா" என்றான் அப்பாதுரை. "நாலரை பஸ்ஸ விட்டா ஆறரைக்குத்தான்."

பாஞ்சாலை தரையில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்தாள். அவள் குரல் மூன்று தெரு கேட்கும். 'பால் குடிச்ச வாயி பச்ச மண்ணு தின்னுதே' என்று அவள் தொடங்கியதும் பின் தெருவிலிருந்து நாலு பெண்கள் ஓடி வந்தார்கள். யார் என்று கேட்கவில்லை. உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கண்ணாயிரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். யாரோ பறைக்கு ஆள் அனுப்பட்டுமா என்றார்கள். அப்பாதுரை பதறிப்போய்த் தடுத்தான்.

ஒரு கிழவர் கோதண்டராமனிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "நீ யாருப்பா? ஒறவா?"

"பக்கத்து வீடு" என்றான். இப்போது அது யோசிக்காமலே வந்தது.

"சின்ன வயசாமே?"

"நாப்பத்தொண்ணு."

"குடியா?"

"மஞ்சக் காமாலை."

"எல்லாம் ஒண்ணுதான்" என்றார் கிழவர்.

பாஞ்சாலை மூக்கைச் சிந்திவிட்டுக் கைநாட்டு வைத்தாள். நாலரை பஸ் போய்விட்டிருந்தது.

அழுகை அதோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, கோதண்டராமனின் தாய்மாமன் ராஜேந்திரன் கலசப்பாக்கத்திலிருந்து எட்டுப் பேரோடு வந்து இறங்கினார். கையில் ரோஜா மாலை. தாய்மாமன் போட வேண்டிய கோடித் துணி. சந்திரம்மாள் பள்ளிக்குக் கிளம்பிக் குடையோடு வெளியே வந்தாள். மாமாவோடு வந்த அத்தை அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"பூ வெச்சிக்கினு எங்கடி கெளம்பிட்ட?"

"ஸ்கூலுக்கு" என்றாள் சந்திரம்மாள்.

கோதண்டராமன் உள்ளேயிருந்து முகத்தில் பாதிச் சோப்போடு வந்தான். மாமாதான் முதலில் சுதாரித்தார். நடந்ததைக் கேட்டார். கேட்டு முடித்ததும் கோபம் வந்தது.

"காகிதத்துக்கு செத்தியா? அரை நாள் கூலி போச்சுடா. எட்டுப் பேருக்கு பஸ் சார்ஜ் வேற."

"மன்னிச்சிக்கோ மாமா. துணிய எடுத்துக்கினு போ."

"சாவுக்கு எடுத்த கோடிய திரும்ப வூட்டுக்கு எடுத்துக்கினு போவச் சொல்றியா? என் வூட்டுல புள்ளைங்க இருக்குதுடா."

மாமா துணியை நாற்காலியில் வைத்தார். மாலையையும் வைத்தார். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் சந்திரம்மாள் அந்தத் துணியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"எல்லாத்தையும் நீ எழுதற. என் தாலிய என்ன பண்றதுன்னும் ஒரு காகிதம் எழுதிக் குடு."

"இன்னும் பத்து நாள்தான் சந்திரா."

"அப்பறம்? உயிர் வந்துடுமா?"

உள்ளே ஆதிமூலம் ரோஜா மாலையிலிருந்து ஒவ்வொரு இதழாகக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தார். மாலை பாதி ஆகியிருந்தது.

கோப்பு கோதண்டராமனின் மேசைக்கு வந்தது. 'மனுதாரரின் ஒரே மகன் கோதண்டராமன் இறந்துவிட்டது விசாரணையில் தெரியவருகிறது. பரிசீலித்து ஆணையிடலாம்' என்று குறிப்பு எழுதித் தேதி போட்டுச் சுருக்கொப்பம் போட்டான். தாசில்தார் ராஜமாணிக்கம் மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கோப்பை இரண்டு முறை படித்தார்.

"செத்தவன் பேரும் உன் பேரும் ஒண்ணா இருக்குதே?"

"இந்தப் பக்கம் அந்தப் பேரு ஜாஸ்தி சார்."

"அப்பன் பேருமா?"

கோதண்டராமனின் காது சிவந்தது. தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவரே முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"அந்த இல்லத்துல வேற கட்டில் இருக்குதா?" என்று கேட்டார்.

"இதுதான் கடைசி சார்."

"ம்" என்றார் தாசில்தார். கோப்பைக் கொஞ்சம் தாமதித்துத்தான் கொடுத்தார்.

மகாளய அமாவாசை அன்று காலை அப்பாவை அழைத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனான். இரண்டு வேட்டி, ஒரு தட்டு, ஒரு லோட்டா. பை கனமாக இல்லை. சந்திரம்மாள் வாசலில் நின்று அழுதாள். ஆதிமூலம் அவளிடம் "ஸ்கூலுக்கு டைம் ஆச்சு, போ" என்றார்.

அருணகிரி சான்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்தி ஆனது.

"நல்ல நாள்ல வந்தீங்க. இங்க இருக்கறவங்க வழியில செத்த எல்லாருக்கும் இன்னிக்குப் படையல். மகன் போயிட்டாருன்னு நீங்க வந்து சொன்னப்பவே படம் கேட்டிருந்தேனே?"

அந்தப் படத்துக்காக மூன்று நாள் அவஸ்தைப்பட்டிருந்தான். இப்போதைய படம் கொடுத்தால் முகம் காட்டிக் கொடுக்கும். கடைசியில் ஆறு வயதில் மொட்டையடித்துக் காது குத்தியபோது எடுத்த படத்தைக் கொண்டுவந்திருந்தான்.

"முப்பத்தெட்டு வயசுல போனவருக்கு இதா?" என்றார் அருணகிரி.

"வேற படம் இல்ல."

ஆதிமூலம் கை நீட்டிப் படத்தை வாங்கினார். துண்டு முனையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"இவந்தான்" என்றார். "நல்ல பையன்."

வரிசையாகப் பத்தொன்பது இலை போட்டிருந்தார்கள். இருபதாவதாக ஒரு இலை போட்டு அதற்கு முன்னால் மொட்டைத் தலைப் படத்தைச் சாத்தி வைத்தார்கள். அருணகிரி சொல்லச் சொல்ல ஆதிமூலம் எள்ளும் தண்ணீரும் விட்டார். மகன் பெயரைத் தடுமாறாமல் சொன்னார். கோதண்டராமன் தூணருகே நின்று தன் பெயரை மூன்று முறை கேட்டான்.

சுவர்மேல் வைத்த சோற்றுக்கு மற்றவர்களின் காக்கை வர நேரம் எடுத்துக்கொண்டது. ஆதிமூலம் வைத்ததும் ஒன்று வந்து அத்தனையையும் தின்றது.

"திருப்தியாப் போயிட்டாரு" என்றார் அருணகிரி.

கோதண்டராமன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்து அருணகிரி அவனை மேசைக்குக் கூப்பிட்டார்.

"கடைசியா ஒரு கையெழுத்து. பெரியவர் காலமானா உங்களுக்குத் தகவல் சொல்லுவோம். சவுகரியப்பட்டா வாங்க. கொள்ளி நான் வெச்சுடறேன்."

"நீங்களா?"

"பிள்ளை இல்லாதவங்களுக்கு நாந்தான். இதுவரைக்கும் பதினோரு பேரு. மொட்டை அடிச்சு அடிச்சு முடி ஒழுங்காவே மொளைக்கல, பாருங்க."

அவர் தலையைக் குனிந்து காட்டினார். உண்மைதான்.

கோதண்டராமன் பேனாவை எடுத்தான். அது இறங்கவில்லை. இவ்வளவு நாளில் எத்தனையோ காகிதங்களில் தாராளமாக இறங்கிய பேனா.

"கொள்ளி நான் வெக்கறனே சார்."

"நீங்க யாரு? பக்கத்து வீடு. ஆசை இருந்தா ஆச்சா? பெத்தவன் வெக்கணும், இல்ல பிறந்தவன் வெக்கணும்."

"இந்தச் சான்றுல ஒரு தப்பு இருக்குது சார்."

"முத்திரை இருக்குது. தாசில்தார் கையெழுத்து இருக்குது. தப்புன்னா எழுதின குமாஸ்தாவ ஜெயில்லதான் போடணும்." அருணகிரி சிரித்தார். "போடுங்க, கையெழுத்த."

வேலை போகும். பென்ஷன் போகும். பூட்டின வீடும் ஸ்டவ்வும் அப்படியே இருக்கும். கோதண்டராமன் அதையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தான். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான். எழுந்து உள்ளே நடந்தான்.

இருபதாவது கட்டிலில் ஆதிமூலம் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரரோடு ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்.

"பா, எழுந்திரு" என்றான். "வூட்டுக்குப் போலாம். லீவு போட்டு நான் கூடவே இருக்கேன். வேலை போனாலும் பரவால்ல. எழுந்திரு."

ஆதிமூலம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"நீங்க யாருங்க?" என்றார். "பக்கத்து வூடா?"

பிறகு குனிந்து புலியை நகர்த்தினார்.

கோதண்டராமன் பின்பக்கமாக வெளியே போய்ச் சமையலறைப் படியில் உட்கார்ந்தான். சமையல்காரி ஜோதியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அழுவதைப் பார்த்து முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா தம்பி?"

"பெரியவருக்கு நெனப்பு முழுசாப் போயிடுச்சும்மா. நான் யாருன்னே தெரியல."

"யாருக்கு, அவருக்கா?" ஜோதியம்மாள் உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வாத்தியாருகிட்ட சொல்லிடாத. மாசியில வாத்தியாரு ஊர்ல இல்லாதப்ப, தனியா நடந்து வந்து எடம் கேட்டாரு தம்பி. வூட்டுல பகல்ல பேச ஆளில்லைன்னாரு. புள்ள இருந்தா எடமில்லைன்னு நாந்தான் சொன்னேன். 'எனக்குப் புள்ள இல்லன்னு நான் எழுதிக் குடுத்தா அவன் தாங்க மாட்டாம்மா, அவனே எழுதியாரட்டும், கொஞ்ச நாள் புடிக்கும்'னுட்டுப் போனாரு."